ஒண்ணாந்தேதிக்குள் ஒரு காதுச் சோதனை

சிவனம்மாளுக்குத் தெரியாமல் அந்த மில்லில் ஒரு ரகசியம் தங்கியதில்லை. வேடசந்தூர் ரோட்டில் இருக்கிற நூல் மில் அது. மெஷின் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த நூலைக் கண்டுபிடித்து ஒட்டுவது அவள் வேலை. முப்பத்தோரு வருஷமாக அதே வேலை, அதே நடை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் எட்டாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை விரித்து, வாயைக் கோணி, கண்ணை உருட்டி, சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிபட ஆறு மாதம் ஆகும். சிவனம்மாளுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. பத்து மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று மேஸ்திரி யாரைப் பற்றி மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கிறார் என்பதை இங்கிருந்தே படித்துவிடுவாள். அவள் ஷிப்டுக்கு வந்துவிட்டால் மேஸ்திரி கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது. போகிற காது சொல்லிக்கொண்டா போகிறது? அது பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. காது விட்ட வேலையைக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. எதிரில் நின்று பேசினால் ஒரு வார்த்தை தவறாது. பிறகு எப்படி அவளுக்குத் தெரியும், நமக்குத்தான் எப்படித் தெரியும்?

ஒரே ஒரு முறை சந்தேகம் வந்திருக்க வேண்டியது. ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த வருஷம் அது. காய் விற்கிறவளிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் ஒருத்தரும் தன்னோடு சரியாகப் பேசவில்லை என்று அவளுக்கு ஒரே ஆதங்கம். 'நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன், இப்படி மூஞ்சியத் திருப்புறாங்க' என்று வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். புருஷன் அழகர் இருந்தாலாவது சொல்லி அழலாம். அவர் நெஞ்சுவலியில் போய் அப்போதே நான்கு வருஷம். பிறகு எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றினார்கள். ஊர் மறுபடி அவளோடு பேச ஆரம்பித்தது. சரி, கோபம் தீர்ந்துவிட்டது போல என்று அவளும் விட்டுவிட்டாள்.

மகள் இசைவாணி ஓசூரில் இருந்தாள். கம்பெனி வேலை. தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். வீடியோ காலில்தான் வரவேண்டும், அது சிவனம்மாள் போட்ட சட்டம். "மூஞ்சியக் காட்டுடி, மூஞ்சியப் பாக்காம என்ன பேச்சு" என்பாள். அம்மாவுக்கு எவ்வளவு பாசம் என்று மகளுக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்து நிமிஷ போனைத் தவிர்த்தால் சிவனம்மாளின் மிச்ச நாளில் பேச்சே கிடையாது. ஷிப்டு முடிந்து வருவாள். ஒரு டம்ளர் அரிசி போடுவாள். தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம். மறுநாளைக்கும் அதுவே. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைத்த நாளும் உண்டு. ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தத் தனிமை பழகிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு எரிச்சலாக வரும். சிவனம்மாளுக்கு அது ஒரு நாளும் பழகவில்லை.

பழகாததால்தான், இசைவாணிக்குக் குழந்தை உண்டானதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலைப்பிரசவம் திண்டுக்கல்லில், தாய் வீட்டில். பெண் குழந்தை. மூன்று மாதம் மகளும் பேத்தியும் அந்த ஒற்றை அறையில் இருந்தார்கள். அப்போதே பேசி முடித்துவிட்டார்கள். இசைவாணி ஒண்ணாந்தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் சிவனம்மாள் மில்லை விட்டுவிட்டு ஓசூருக்கே வந்துவிட வேண்டும். மகளும் மருமகனும் வேலைக்குப் போவார்கள், பாட்டி பேத்தியைப் பார்த்துக்கொள்வாள். மாசக் கடைசியோடு நின்றுகொள்வதாக மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டைக் காலி செய்வதாக வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள். பேத்திக்கென்று பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்துப் பையில் வைத்தாள். வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "ஓசூருக்குப் போறேன், இனி இங்கிட்டு வரமாட்டேன்" என்று சொன்னாள்.

ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் ஒன்று நடந்திருந்தது. இசைவாணி குளிக்கப் போயிருந்தாள். சிவனம்மாள் தொட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஈரத்தலையும் மாற்றுப் புடவையுமாக மகள் அலறியடித்து ஓடிவந்தாள். குழந்தை அழுது அழுது முகம் நீலம் பாரித்துக் கிடந்தது.

"என்னம்மா, பக்கத்துலதான உக்காந்திருக்க! காது கேக்கலையா?"

"கீரையில புழு இருந்துச்சுடி, அதப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள் சிவனம்மாள். என்ன பதில் அது! வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து தொட்டிலைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்தாள்.

மகளும் அதை மறக்கவில்லை. ஓசூர் போய்ப் புருஷன் பிரபுவிடம் சொல்லியிருக்கிறாள். பிரபு தங்கமான பிள்ளை, அதட்டிப் பேசத் தெரியாதவன். ஒரு நாள் வீடியோ காலில் அவனே வந்தான்.

"அத்தே, ஒரு ஆப் அனுப்பிருக்கேன். வீட்டுல உக்காந்தே நாமளே காத டெஸ்ட் பண்ணிக்கலாம். எல்லாம் தமிழ்லயே சொல்லும். ஹெட்போன மாட்டிக்கிட்டு, சத்தம் கேக்கயில எல்லாம் ஸ்கிரீனத் தொடணும், அம்புட்டுத்தான். கடைசில வர்ற ரிசல்ட்ட எனக்கு அனுப்பி விடுங்க. சும்மா ஒரு திருப்திக்கு."

"அதுக்கென்ன மாப்ள, பண்ணிட்டாப் போச்சு" என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தாள். ஒண்ணாந்தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் ஷிப்டு விட்டு வந்து, கதவைச் சாத்தி, பிரபு முன்பு வாங்கிக் கொடுத்திருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆப்பைத் திறந்தாள். முதலில் ஒரு வரி வந்தது: 'அமைதியான இடத்தில் அமருங்கள்.' கீழே ஒரு வட்டம், சிவப்பாக. இடம் அமைதியாக இருந்தால் அது பச்சையாகும், பிறகுதான் சோதனை தொடங்கும்.

அமைதிக்கு என்ன குறைச்சல்? அவளைப் பொறுத்தவரை வீடு பாழுங்கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. வட்டம் மட்டும் சிவப்பு. ஜன்னலைச் சாத்தினாள். சிவப்பு. ஃபேனை நிறுத்தினாள். சிவப்பு. வியர்த்து ஊற்ற ஊற்ற மூலையில் போய் உட்கார்ந்தாள், போனைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பார்த்தாள். சிவப்பு. போன் கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஆனந்தியைக் கூப்பிட்டாள். அவளும் மில்லில் அதே கூடத்தில் வேலை பார்க்கிறவள், இருபத்தாறு வயசு, எட்டு வருஷ சர்வீஸ். ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஆறு வீடு, நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். ஆனந்தி போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"போனு நல்லாத்தான்க்கா இருக்கு. இம்புட்டுச் சத்தத்துல எங்கிட்டுப் பச்சை வரும்?"

"என்னடி சத்தம்?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? பைபாஸ்ல லாரி போயிக்கிட்டே இருக்கு. மோட்டாரு ஓடுது. எங்க மாமியா சீரியலு. அந்தக் கடைசி வீட்டு நாயி காலையில இருந்து கொலைக்குது. மேல தகரத்துல காக்கா நடக்குது பாரு, டொக்கு டொக்குன்னு."

சிவனம்மாள் மேலே பார்த்தாள். தகரம் தெரிந்தது. "காக்கா நடக்குறதெல்லாமா கேக்கும்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. ஆனந்தியும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷமும் இந்த வீடு அமைதியாக இருக்கிறது, பேச்சுத்துணைக்கு ஒரு சத்தமும் இல்லை என்று நொந்துகொண்டிருந்தாளே, அந்த வீடு ஒரு நாளும் அமைதியாகவே இருந்ததில்லை. நாயும் காக்காயும் லாரியும் பக்கத்து வீட்டு டிவியும் ராப்பகலாக அவளைச் சுற்றி இருந்திருக்கின்றன. அவள்தான் அங்கே இல்லை.

இருந்தாலும் விடவில்லை. வார லீவு அன்று குஜிலியம்பாறை போகிற பஸ்ஸில் ஏறி, வீடு வாசல் தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கினாள். மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் காடு. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது போலிருக்கிறது, வெறும் கட்டாந்தரையாகக் கிடந்தது. ரோட்டிலிருந்து ஒரு பர்லாங் நடந்து, ஒரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். பச்சை!

அந்தப் பச்சையைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சையிலேயே பாஸ் ஆகிவிட்டது போல இருந்தது. முருகா என்று வாய்விட்டுச் சொல்லித் தொடங்கினாள். முதலில் கனத்த குரலில் ஊதுவது போல ஒரு சத்தம். தொட்டாள். இன்னொன்று, கொஞ்சம் சன்னமாக. தொட்டாள். பிறகு ஒன்றும் இல்லை. அடுத்தது வரும் என்று விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் ஒரு கோடு மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டே போனது. அவளுக்குத் தெரியாமல் சத்தங்கள் வந்து வந்து போய்க்கொண்டிருக்கின்றன என்று அந்தக் கோடு சொன்னது. கோடு முடிந்தது. 'இரு காதுகளிலும் அதிகக் குறைபாடு இருக்க வாய்ப்பு உள்ளது. மருத்துவரைப் பாருங்கள்.'

மறுபடி செய்தாள். இந்த முறை கை சும்மா இருக்கவில்லை. மில் கை அது. மேஸ்திரி பார்க்கிற நேரத்தில் சும்மா நின்றால் திட்டு விழும் என்று, அறுந்திருந்தாலும் அறாவிட்டாலும் நூலைத் தொட்டுத் தொட்டு வைக்கப் பழகின கை. அதே தாளத்தில் திரையைத் தொட்டுக்கொண்டே போனாள். போன் மேஸ்திரியை விடக் கெட்டிக்காரன். 'சத்தம் இல்லாதபோது தொடுகிறீர்கள். மீண்டும் முயலுங்கள்' என்று சொல்லிவிட்டது. மூன்றாவது முறை ஒழுங்காகச் செய்தாள். முதல் தடவை வந்ததே வந்தது. ஆளில்லாத காட்டில், கொளுத்துகிற வெயிலில், அந்த அம்மாள் ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, "பாப்பாவ விட்டுட்டு நான் எங்க போவேன்" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

தப்பு செய்யத் துணிந்தது அதற்குப் பிறகுதான். நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் தனியாகச் சோறு தின்றவளை நாம் எந்த வாயால் திட்டுவது? ஆனந்தியிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"நீ போட்டுக்கிட்டுத் தொடு ஆனந்தி. வர்றத நான் மாப்ளைக்கு அனுப்பிர்றேன். பாப்பாவ நான் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குவேன். காதா கொழந்தைய வளக்குது?"

"தப்பில்லயாக்கா?"

"தப்புத்தான். எனக்கு ஒத்தாசை பண்ணு."

முதல் ஷிப்டு முடிந்து இருவரும் அதே பஸ், அதே மரம். ஆனந்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். விரல் படபடவென்று தொடுவதைப் பார்த்துச் சிவனம்மாளுக்கு நிம்மதி. பாதிக்கு மேல் அந்த விரல் மெதுவானது. ஓரிடத்தில் நின்றே போனது. முடிவு வந்தது: வலது காது சுமார். இடது காதில் சன்னமான சத்தங்கள் கேட்கவில்லை. குறைபாடு தொடங்கியிருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

அடக் கடவுளே! திண்டுக்கல்லில் இத்தனை ஆயிரம் நல்ல காது இருக்க, தன்னோடு அதே கூடத்தில் எட்டு வருஷம் நின்றவளின் காதையா கடன் கேட்பது? இதைக் கூட யோசிக்கவில்லை அந்த மனுஷி. மில்லில் காது அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்றைக்கு எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள், மற்ற நாளில் அது லாக்கரில் கிடக்கும்.

ஆனந்தி முதலில் சிரித்தாள். "ஆப்பே டுபாக்கூருக்கா." பிறகு போனை வாங்கி இன்னொரு முறை படித்தாள். இடது காதை விரலால் அடைத்துத் திறந்து பார்த்தாள். "எனக்கு இருபத்தாறுதானக்கா ஆகுது" என்றாள். சிவனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் அப்படியே நின்றார்கள்.

அன்று சாயங்காலம் மகள் போன் வந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கீரை ஆய்ந்த அன்று குழந்தை அழுதது கேட்கவில்லை என்பதை, காட்டுக்குப் போனதை, ஆனந்தியை வைத்து ஏமாற்றப் பார்த்ததைக்கூட. திக்கித் திணறித்தான் சொன்னாள். தன்னுடைய ரிசல்ட்டையும் அனுப்பிவிட்டாள்.

இசைவாணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிப் பிரபுவிடம் என்னவோ சொன்னாள். திரையில் மகளின் பின்னலும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. தன் வாழ்க்கையைப் பற்றித்தான் அங்கே பேச்சு நடக்கிறது, அதில் ஒரு வார்த்தை கூட அவளுக்கு எட்டவில்லை. எத்தனையோ பேர் உதட்டைப் பத்து மெஷினுக்கு அப்பாலிருந்து படித்தவள், பெற்ற மகள் பேசுவது தெரியாமல் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இசைவாணி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நீ கெளம்பி வாம்மா. டாக்டர்கிட்டப் போயி காது மெஷின் வாங்கிக்கலாம். அது வர்ற வரைக்கும் எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம். உன்னத் தனியா விட்டுட்டு எனக்கென்ன வேலை வேண்டிக் கெடக்கு?"

கேட்டதும் சிவனம்மாளுக்கு உயிரே திரும்பி வந்தது. சரிடி, நாளைக்கே வாரேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகளின் மடியில் குழந்தை சிணுங்கி, உதடு பிதுங்கி, வாயைத் திறந்து அழ ஆரம்பித்தது. சிவனம்மாள் அந்தச் சின்ன வாயையே பார்த்தாள்.

"இசை, செத்த நேரம் அவள சமாதானப்படுத்தாம இரு. போன வெச்சிராத" என்றாள்.

சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள். போனைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த முறை தொடுவதற்குத் திரை இல்லை, நகர்ந்து காட்டக் கோடு இல்லை. கேட்டால் போதும். மூச்சைக் கூட அடக்கிக்கொண்டாள். அறை முழுக்கத் தேடினாள். ஒன்றுமே இல்லை. குழந்தை தூங்கியிருக்கும், இசை பால் கொடுத்திருப்பாள் என்று தோன்றியது. எடுக்கலாம் என்று கையை நீட்டினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ஆனந்தி, கையில் கரண்டியோடு, அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"என்னக்கா, யாரு கொழந்த இந்த அழுகை அழுகுது? எங்க வீடு வரைக்கும் கேக்குது!"

சிவனம்மாள் போனைத் திருப்பினாள். குழந்தை வாயை அகலத் திறந்து, முகமெல்லாம் சிவந்து, இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தது.

"தூக்குடி, புள்ளையத் தூக்கு" என்றாள். "ஒண்ணாந்தேதிக்கு வேற ஆளப் பாத்துக்க இசை. நல்ல காதா பாத்து வையி. இவ அழுகுறது என்னைக்கு என் காதுல விழுகுதோ, அன்னைக்கு வாரேன்."

இசைவாணியின் உதடுகள் அசைந்தன. சிவனம்மாள் பார்க்கவில்லை. இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.